அரைச் சுற்று

ஏசி மெக்கானிக் இருதயராஜ் பங்குனியில் பத்மாசினி அம்மாள் வீட்டில் கேஸ் ஏற்றிவிட்டு வந்தார். எங்கே கசிகிறது என்று பார்க்கவில்லை. அன்று இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது. சித்திரையில் அந்த அம்மாள் மூன்று நாள் விடாமல் போன் செய்தார். பக்கவாதத்தில் கிடக்கும் கணவருக்கு அனல் தாங்காது என்று தெரிந்தும், தன் அரைகுறை வேலை அம்பலமாகிவிடும் என்று இருதயராஜ் எடுக்கவில்லை.

ஆவணியில் மறுபடி அழைப்பு வந்தபோது எடுத்தார். போனபோது, கணவர் படுத்திருந்த அறையில் வாட்டர் பெட்டைச் சுருட்டிக் கட்டில் மேல் வைத்திருந்தார்கள்.

"அவர் சித்திரையிலயே போயிட்டார் தம்பி. மக கைக்குழந்தையோட வரா. அதான் கூப்பிட்டேன்."

மாடியில், வெளி யூனிட்டின் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு நட்டில் மட்டும் நுரை பொங்கியது. ஸ்பேனரால் அரைச் சுற்று இறுக்கினார். நுரை அடங்கியது. கேஸ் ஏற்றிவிட்டுக் கீழே வந்தபோது அறை குளிர ஆரம்பித்திருந்தது.

"எங்க தம்பி கோளாறு?"

"ஒரு நட்டும்மா. லூசா இருந்துச்சு."

"இப்பத்தான் லூசாச்சா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார்.

"இல்லம்மா. போன தடவையே இருந்துச்சு. நான் பாக்கல. உங்க போனையும் வேணும்னுதான் எடுக்கல."

அந்த அம்மாள் திட்டவில்லை. ரிமோட்டை எடுத்து ஏசியை நிறுத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். போகச் சொல்வார் என்று இருதயராஜ் காத்து நின்றார். அறை மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது.