மௌன சாமியின் ஆசனம்

“சாமி வேற, நான் வேற” என்று முனிரத்தினம் அன்று காலை எட்டாவது முறையாகச் சொன்னார். ஏழு வீட்டில் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இது எட்டாவது வீடு.

ஆம்பூர் நகராட்சித் தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம்தான். அவர் கவுன்சிலர் பதவிக்கு நிற்கும் வார்டில் வீட்டுக்கு ஒருவராவது தோல் கம்பெனியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்கிறவர். இந்த நேரம் பார்த்து அவருடைய குரு ஒரு பிரசங்கத்தில், ‘தோலைத் தொட்டுப் பிழைக்கிறவன் அடுத்த பிறவியில் செருப்பாகப் பிறப்பான்’ என்று சொல்லி வைத்தார். அந்த வீடியோ இப்போது எல்லோர் செல்போனிலும் ஓடிக்கொண்டிருந்தது.

குருவுக்கு மௌன சாமி என்று பெயர். அவர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

எட்டாவது வீட்டுக்காரி கமலம். இருபது வருடமாகத் தோல் கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறாள். ஆட்டுத்தோலில் பாம்புச் செதிலும் முதலை வரியும் வரவழைக்கிற கை அது. அவள் கை காட்டினால் அந்தத் தெருவில் எழுபது ஓட்டு விழும் என்பதால், முனிரத்தினம் குனிந்தே நின்றார்.

“செருப்பாப் பொறப்போம்னாரே உங்க சாமி, எந்த சைஸ்ல பொறப்போம்னும் சொன்னாரா?” என்று கேட்டாள் கமலம்.

“அவரு வாய்க்கு நான் இன்னா பூட்டா போட முடியும், தங்கச்சி? நான் செஞ்சத கேளு, பதில் சொல்றேன். அவரு பேசனதுக்கு நான் எப்படிம்மா பொறுப்பு?”

“போஸ்டர்ல உங்க தலைக்கு மேல அவரு தல. கால்ல பாத்தா, தோல் படக்கூடாதுன்னு ரப்பர் செருப்பு. ஓட்டு கேக்கறப்போ சாமி வேணும், நாங்க கேள்வி கேட்டா மட்டும் வேற ஆளா?”

முனிரத்தினம் தன் காலைப் பார்த்துக்கொண்டார். வேறு வழி தெரியவில்லை.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. சாமிய இங்கயே இட்டுனு வர்றேன். அவரே உங்ககிட்ட வருத்தம் சொல்லுவாரு” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மைக் உண்டு என்றதும் மௌன சாமி உடனே ஒப்புக்கொண்டார். மறுநாள் தெருமுனையில் பந்தல் போட்டாயிற்று. கேபிள் டிவி நிருபர் ஜான் பாஷா கேமராவோடு முதல் வரிசையில் இருந்தார். கொளுத்துகிற வெயிலில் சாமி சால்வையைப் போர்த்திக்கொண்டு காரிலிருந்து இறங்க, கூட வந்த சீடர் ஒரு புள்ளிமான் தோலைக் கொண்டுவந்து மேடையில் விரித்தார்.

முனிரத்தினம் மேடைக்கு ஓடினார்.

“சாமி, நாற்காலி போட்டிருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அதுல உக்காருங்க. அத சுருட்டி கார்லயே வெச்சிடலாம்.”

“ஆசனம் இல்லாம எனக்கு வாக்கு வராது” என்று சாமி தோலின் மேல் சம்மணம் போட்டார். வாக்கு வராமல் இருந்தாலே பெரிய புண்ணியம் என்று முனிரத்தினம் நினைத்துக்கொண்டார்.

கமலம் எழுந்தாள். “தோல தொட்டா பாவம்னீங்க. நீங்க உக்காந்துனு இருக்கறது இன்னா சாமி, கோரப் பாயா?”

பந்தல் முழுக்கச் சிரித்தது. சாமி அசரவில்லை.

“இது நேபாளத்துப் புள்ளிமான், அம்மா. ஆயுசு முடிஞ்சு தானா உயிரை விட்டது. மூணு வருஷமா இதுலதான் உட்காருறேன். உட்கார்ந்தா இமயமலைக் குளிர் அப்படியே முதுகுத்தண்டுல ஏறும். மே மாசத்துலகூட எனக்குப் போர்வை வேணும்.”

கமலம் மேடைக்குப் பக்கத்தில் வந்து தோலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் ஜான் பாஷா மைக்கை நீட்டினார்.

“சாமி, மான் தோல் வெச்சிருந்தா வனத்துறை கேஸ் போடும். வெச்சிருக்கறவருக்கும் உண்டு, குடுத்தவருக்கும் உண்டு. இத யாரு குடுத்தது?”

சாமியின் விரல் வாயைவிட வேகமாக முனிரத்தினத்தைக் காட்டியது. “இதோ நிக்கிறானே, இவன்தான். என் சிஷ்யன். காணிக்கையாக் குடுத்தான்.”

மைக் முனிரத்தினத்திடம் திரும்பியது. “சாமி பேசனதுக்கு நீங்க பொறுப்பில்லன்னீங்க. சரி சார், வுட்டுடலாம். இது நீங்க செஞ்சது. இதுக்கு இன்னா பதில்?”

முனிரத்தினம் சாமியையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். கவுன்சிலர் ஆகப் போனவர் கம்பி எண்ணப் போகிறார் என்று பின்வரிசையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர் முழித்த முழியைப் பார்த்துக் கமலத்துக்கே மனசு கேட்கவில்லை. குனிந்து தோலின் ஓரத்தைத் தூக்கி, அடிப்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“பயப்படாதீங்கண்ணா, கேஸெல்லாம் ஆவாது. இது மானே இல்ல, வெள்ளாடு. எங்க கம்பெனி மாலு. புள்ளி வெச்சதே நான்தான். மூணு வருஷம் முன்னாடி அர்ஜென்ட்டுனு ஒத்த பீஸுக்கு ஆர்டர் குடுத்த பார்ட்டி நீங்கதானா?”

மௌன சாமி எழுந்தார். இமயமலைக் குளிர் சட்டென்று விட்டுப்போக, சால்வையை எடுத்துக் கழுத்து வேர்வையைத் துடைத்தார்.

ஜான் பாஷா விடவில்லை. “சாமி, உங்க சிஷ்யர் செஞ்சதுக்கு நீங்க இன்னா பதில் சொல்றீங்க?”

சாமி முனிரத்தினத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“அவரு வேற, நான் வேற.”