தாள் ஒட்டிய முகம்

அவள் என் பெயரைச் சொன்னாள். முழுதாக, ஒரு எழுத்துப் பிசகாமல்.

லண்டனில் பத்து வருடமாக யாரும் சொல்லாத பெயர். இங்கே நான் சுஜீத். சட்டையில் குத்திய பேட்ஜிலும் சுஜீத், அசைலம் கேஸிலும் சுஜீத், மகளின் பிறப்புப் பத்திரத்திலும் சுஜீத். மனுசி "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிடுவாள்.

ஆர்ட் கலரியில் எனக்கு செக்யூரிட்டி வேலை. அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் இராசரத்தினம் அண்ணை பக்கத்தில் நின்றார். அவர் காதில் விழுந்தது பின்னேரத்துக்குள் கிங்ஸ்பரித் தமிழ்ச் சனம் முழுக்கப் போய்விடும்.

அவள் டல்சி. ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண், ஓவியக்காரி. அவளுடைய ஊர்க் கலைமையத்தின் கண்காட்சிதான் நடக்கிறது.

திங்கட்கிழமை உள்ளே வந்தபோதே அதைக் கண்டேன். வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு போட்டோ. தகரக் கூரை, செம்மண், படுத்துக்கிடக்கும் நாய்கள், தரையில் விரித்த துணியில் புள்ளி வைக்கும் டல்சி. பக்கத்தில் தாடியும் எலும்புமாக, பெயின்ட் பேணியைப் பிடித்தபடி பல்லைக் காட்டிக்கொண்டு நான்.

ஆஸ்திரேலியாவுக்குப் படகில் போய்ப் பிடிபட்டு, டல்சியின் ஊருக்குப் பக்கத்துப் பாலைவன முகாமில் மூன்று வருடம் கிடந்தேன். பிறகு ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். இந்த நாட்டுக்கு வேறு பெயரில் வந்து, இதுதான் என் முதல் பயணம் என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது பிரஜாவுரிமை விண்ணப்பம் உள்ளே கிடக்கிறது. அந்தப் போட்டோவையும் என்னையும் ஒருவன் சேர்த்துப் பார்த்தால் போதும், எல்லாம் போச்சு.

முகாமில் நான் வெறும் படகு நம்பர். கிழமைக்கு ஒருதரம் காவலோடு கலைமையத்துக்குக் கூட்டிப்போவார்கள். டல்சி பெயரைக் கேட்டாள். பழக்கதோசத்தில் நம்பரைச் சொன்னேன். அடிக்காத குறையாகத் திட்டினாள். சொந்தப் பெயரைச் சொன்னதும், வாயில் சரியாக வரும்வரை ஒரு மத்தியானம் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

அவள் வரைகிற நிலத்தில் முகாம் கிடையாது. முகாம் நின்ற இடத்தில் ஒரு நீர்ச்சுனை இருக்கும். வேலியெல்லாம் நேற்று வந்தது என்பாள்.

முகாமில் ஒரு பெடியன் செத்தபோது நாங்கள் கலைமையத்தில் பெயர் சொல்லி அழுதோம். டல்சி கைகாட்டித் தடுத்தாள். அவர்களிடம் செத்தவரின் பெயரைச் சொல்லக் கூடாது, முகத்தையும் காட்டக் கூடாது. கலைமையச் சுவரிலிருந்த போட்டோவில் அவன் முகத்துக்கு மேல் அவளே தாள் ஒட்டினாள். நாங்கள் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைக்கிற ஆட்கள். இதென்ன கூத்து என்று எனக்கு அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

இப்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"ஆரடா இவ? உன்னைத் தெரியுமோ?" என்றார் அண்ணை.

கைகளை உருவிக்கொண்டேன். அது நானில்லை, நீங்கள் தேடுகிற ஆள் செத்துப்போனான் என்று அவளிடம் இங்கிலீஷில் சொன்னேன். நாசமாய்ப் போன வாய்.

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பேட்ஜைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை வாசல் போட்டோவில் என் முகத்துக்கு மேல் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. ஓவியக்காரி கேட்டுக்கொண்டாவாம்.

"பாவம், ஆரோ பெடியன் செத்துப்போட்டானாம்," என்றார் அண்ணை.

நான் தப்பிவிட்டேன். சந்தோசப்பட வேண்டியவன். கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

பின்னேரம் டல்சி எயார்போர்ட்டுக்குப் புறப்பட்டாள். என் முன்னால் நின்று பேட்ஜை எழுத்துக் கூட்டி வாசித்தாள். சுஜீத். அதிலும் ஒரு எழுத்துப் பிசகவில்லை.

ஊரிலிருந்து போனில் அம்மா என் சொந்தப் பெயரைச் சொல்லுவா. அம்மா போய் ஆறு வருடம். அதற்குப் பிறகு உலகத்தில் டல்சி ஒருத்திதான் மிச்சமிருந்தாள். இனி அவளும் சொல்ல மாட்டாள்.

நானும் இதில் எங்கேயும் அதை எழுதவில்லை. செத்தவனுடைய பெயர்.