கடவுளுக்குக் குரல் கொடுத்தவர்

“ஏய்! எங்கே இருக்கிறாய்?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு அக்கா ஹெட்போனைக் கழற்றி, காது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பாஸ்டர் தலையில் கை வைத்தார். “தம்பி, ‘ஏய்’னு நான் எழுதவே இல்லையே.”

“ஒரு கெத்துக்குப் போட்டேன் ஐயா,” என்றார் இடி.

‘இடி’ பட்டப்பெயர்தான். சினிமாவில் வில்லன்கள் வாயை மட்டும் அசைப்பார்கள், உறுமுவது இவர். வீட்டில் பல்லியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நிற்பார் என்பது வேறு விஷயம். சாமி, பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. அப்படிப்பட்டவரை, பாஸ்டர் எழுதிய வானொலி நாடகத்தில் கடவுளாகப் பேச மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம்.

இருந்தது ஒரே வரி. தப்பு செய்துவிட்டு ஒளிந்திருக்கும் ஒருவனைக் கடவுள் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். அதற்குள் எத்தனை டேக் போனது என்று எண்ணுவதையே அக்கா விட்டுவிட்டாள்.

“அவனை மாட்டிவிடறதுக்காக அவர் கேக்கலை தம்பி. காணோமேன்னு பதறிக் கேக்கறார்.”

“கடவுள் எதுக்கு ஐயா பதறணும்? மேல இருந்து டார்ச் அடிச்சா தெரிஞ்சிடப் போகுது.”

நம்பாதவர்களிடம் கடவுளைப் படம் போடச் சொன்னால், ஏன் எல்லாரும் பிரம்போடு ஒரு தலைமை ஆசிரியரையே போடுகிறார்கள் என்று பாஸ்டர் நொந்துகொண்டார். தான் கும்பிடுகிறவர் மேலே உட்கார்ந்து மார்க் போடுகிறவர் இல்லை. ஓடிப்போனவனைத் தேடித் தெருத்தெருவாக அலைகிறவர் என்றார். இடி பலமாகத் தலையாட்டினார். ஆட்டிய ஆட்டில் புரிந்துவிட்டது என்றே எல்லாரும் நம்பினார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

“எங்கே இருக்கிறாய்? வெளியே வா! என் தலையைக் குனிய வைக்கவே பிறந்தாயா?”

பாஸ்டர் எழுந்தே விட்டார். இதையும் அவர் எழுதவில்லை. முகம் வெளுத்திருந்தது.

அக்கா கடிகாரத்தைக் காட்டினாள். நாடகம் சாயங்காலம் ஒலிபரப்பாக வேண்டும். அடுத்த குழு வேறு வாசலில் வந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பேசாமல் இதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

“வேண்டாம்மா,” என்றார் பாஸ்டர். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு இடியின் எதிரில் போய் நின்றார்.

“உங்களுக்கு இது ஒரு வரி தம்பி. என் பையன் வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷமாச்சு. எங்கே இருக்கான்னே தெரியலை. அவனுக்கு ரேடியோன்னா உயிர். எங்கேயாவது உட்கார்ந்து இதைக் கேட்டு, திரும்பி வந்துட மாட்டானான்னுதான் நாடகமே எழுதினேன். இந்தக் குரல்ல கூப்பிட்டா, வர்றவனும் ஓடிப்போயிடுவான்.”

இடி மைக்கைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். வில்லன் குரல் எங்கே போனதோ, மிச்சமிருந்தது பல்லிக்குப் பயப்படுகிற மனிதரின் குரல்தான்.

“ஐயா… அவன் என் வீட்டு மாடியிலதான் இருக்கான். டப்பிங்ல கூட்டத்துச் சத்தம் போட ஆள் எடுத்தப்போ வாய்ப்பு கேட்டு வந்தான். தங்க இடமில்லைன்னான். உங்க பையன்னு சொன்னவன், உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டான்.”

பாஸ்டர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். நன்றாக இருக்கிறானா, ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் இடி ஆமாம் போட்டார்.

“அப்புறம் ஏன் தம்பி வீட்டுக்கு வர மாட்டேங்கறான்?”

இடி மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டார்.

“நானும் கேட்டேன் ஐயா. முகத்தைத் திருப்பிக்கிட்டான். சரி, பேச்சை மாத்தலாம்னு, எனக்குத்தான் நம்பிக்கை இல்லை, நீ சொல்லு, கடவுள் எப்படிடா பேசுவார்னு சும்மா கேட்டு வெச்சேன். ‘எங்கப்பா மாதிரிதான் பேசுவார் அண்ணே’ன்னு சொல்லி, இவ்வளவு நேரம் நான் பேசின குரல்ல பேசிக் காட்டினான்.”