பீரோ நகரும் சத்தம்

கர்ர்ர்... கர்ர்ர்...

வாடகைக்கு விட்டிருக்கும் மேல்மாடியில் எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம். தொட்டிலில் பாப்பா திடுக்கிட்டு அழுதாள்.

"இன்னைக்கும் ஊத்திட்டு வந்திருக்காளுங்க," என்றார் கணவர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலேஜ் படிக்கிற பொண்ணுங்களா இதுங்க? காலி பண்ணச் சொல்லிட்டு வா."

எனக்கும் பயம்தான். கைக்குழந்தை இருக்கிற வீடு. பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே படியேறினேன்.

கதவு முன்னால் ஓர் இளைஞன். இஸ்திரி கலையாத சட்டை.

"யாருப்பா நீ? எப்படி உள்ளே வந்தே?"

"சார்தான் கேட்டைத் திறந்துவிட்டார் ஆன்ட்டி. அவதான் என்னை வரச் சொன்னா. மெசேஜ் காட்டட்டுமா?"

உள்ளே, குடியிருக்கும் இரண்டு பெண்களில் சுருட்டைமுடிக்காரியின் குரல் குழறியது. "ஆமாடி, நான்தான் கூப்பிட்டேன். எனக்கு அவனைப் பிடிக்கும். கதவைத் திற!"

"பிடிக்கட்டும், யார் வேணாம்னா?" இது அவளோடு தங்கியிருக்கும் நெட்டை. "காலைல தெளிஞ்சதும் இதையே சொல்லு. நானே போன் போட்டு வரவழைக்கிறேன். இப்ப நீ சொல்ற 'சரி' செல்லாது."

"நீ என்ன எங்கம்மாவா?"

"போன மாசம் நான் ஊத்திட்டு வந்து ஆடினப்போ நீதானடி பீரோவைத் தள்ளினே? உன் கையைக் கடிச்சே வெச்சேன். மறுநாள் உன் காலைப் பிடிச்சு அழுதது யாரு?"

உள்ளே விசும்பல் மட்டும்.

"தம்பி, அவ குடிச்சிருக்கிறது தெரிஞ்சுதானே வந்தே?" என்றேன்.

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனான்.

"ஏம்மா, தாழ்ப்பாள் போட்டாப் போதாதா? தெருவுக்கே கேக்கற மாதிரி பீரோவை இழுக்கணுமா?"

நெட்டை கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினாள்.

"தாழ்ப்பாள் எங்கேக்கா இருக்கு? பொண்ணுங்க ரூமுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தாத்தான் தப்பு நடக்கும்னு, நாங்க வந்த அன்னைக்கே உங்க வீட்டுக்காரர் கழட்டிட்டாரே."

நான் படித்த கான்வென்ட் ஹாஸ்டலில் எங்கள் அறைக்கும் உள்தாழ்ப்பாள் இருந்ததில்லை. இதே காரணம்தான். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

கீழே வந்து, தூங்கிவிட்ட பாப்பாவைத் தொட்டிலில் கிடத்தினேன்.

"காலி பண்ணச் சொல்லிட்டியா? அந்தப் பையன் என்ன ஆனான்? மரியாதையாப் பேசினான், அதான் கேட்டைத் திறந்துவிட்டேன்."

"ஸ்க்ரூ டிரைவர் எங்கே வெச்சிருக்கீங்க?"

"இப்ப எதுக்கு?"

"இனிமே மேலே சத்தம் வராது."

கழட்டிய தாழ்ப்பாள் டூல் பெட்டியின் அடியில் கிடந்தது.

மறுபடி பீரோ நகர்ந்து எனக்கு வழிவிட்டது. கதவில் பழைய ஓட்டைகள் அப்படியே இருந்தன. சுருட்டைமுடிக்காரி சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். நெட்டை ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்து நீட்டினாள். முடித்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

டக்.

உள்ளேயிருந்து கதவு தாழிட்டுக்கொண்டது. பாப்பாவை எழுப்பாத சத்தம்.