இறக்கத்தில் மாமனார்

விரல் பட்டாலே உள்ளே ஒரு மோட்டாரும் சேர்ந்து அழுத்தும் பிரேக், மாமனாரின் புது பைக்கில். அந்த பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை என்கிறார். மெக்கானிக் மருமகன் பலமுறை பிரித்துப் பார்த்தும் கோளாறு தெரியவில்லை.

"இந்த லட்சணத்துலயா மெக்கானிக்குன்னு சொல்லிப் பொண்ணு கேட்டீங்க?"

மானம் போகிறதே என்று மாமனார் ஓட்ட, மருமகன் பின்னால் ஏறினான். சமதரையில் பிரேக் கச்சிதம். இறக்கத்திலோ மாமனார் பல்லைக் கடித்து அழுத்தியும் பைக் நிற்காமல், சலவைக்கடைத் துணிமூட்டையில் போய்ப் புதைந்தது.

"பார்த்தீங்களா மாப்ளே! மோட்டார் செத்துப்போச்சு!" மாமனாருக்கு வெற்றிக் களிப்பு.

தலையில் கிடந்த யாருடைய பாவாடையையோ விலக்கிய மருமகன், மாமனாரின் சட்டைப்பையைப் பார்த்தான்.

"மாமா, அந்த மோட்டாரும் பைக் சாவி போட்டிருந்தாத்தான் ஓடும். சாவி ஏன் உங்க பையில இருக்கு?"

"இறக்கத்துல வண்டி தானா உருளுதே மாப்ளே, பெட்ரோலை எதுக்கு வீணாக்கணும்?"