வௌவால் தூங்கும் மூலை

"அந்த மூலையை மட்டும் விட்டுடுங்கப்பா. குருவி கூடு கட்டியிருக்கு."

மிஸ் டோரீன் பாஸ்க் தேநீர்த் தட்டை ஒரு கல்லறையின் மேல் வைத்துவிட்டு, முடிந்தவரை சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"ஜனவரியில எந்தக் குருவி கூடு கட்டும், மிஸ் பாஸ்க்?" என்று சிரித்தாள் டாம்சின். "கூடு இருக்காதுன்னுதானே நாங்க இந்தக் குளிர்ல வந்து வெட்டறோம்."

சனிக்கிழமை தவறாமல் பல்கலைக்கழகத்து மினிபஸ்ஸில் வந்து இறங்கும் கூட்டம் அது. மற்ற பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் நேரத்தில், இதுகள் கல்லறைத் தோட்டத்துச் சேற்றில் நின்று முட்புதர் வெட்டும். சம்பளம் கிடையாது. பட்டாம்பூச்சிக்கு நல்லதாம். டாம்சின்தான் அவர்களுக்குத் தலைவி.

மிஸ் பாஸ்க்கின் வீடு தோட்டத்துச் சுவரை ஒட்டினாற்போல. எப்போதோ எங்கிருந்தோ தனியாக வந்து, யாரும் சீண்டாத அந்த வீட்டில் குடியேறினாள். ஏன் என்று ஊர் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. வந்த வாரமே சுவர் மூலையில் அடர்ந்து படரும் ஐவிக் கொடி நட்டதையும் ஊர் பார்த்துத்தான் இருந்தது. ஊர் எதைத்தான் பார்க்கவில்லை?

கொடிக்குப் பின்னால் ஒரு கல் இருந்ததை மட்டும் பார்க்கவில்லை. அதை யாரும் படித்துவிடக் கூடாது. மிஸ் பாஸ்க்குக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். இன்று வெட்டு அந்த மூலை வரைக்கும் வந்துவிட்டது.

"மிஸ் பாஸ்க் டீ போட்டா, குடிச்சுட்டுச் செத்தாலும் பரவாயில்ல," என்றான் ரோரி, கோப்பையைக் கவிழ்த்துக் காட்டி.

"அப்படியெல்லாம் பேசாதே," என்றாள் அவள் வெடுக்கென்று.

ரோரி பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு மூலையைப் பார்த்து நடந்தான். அவளுக்கு வாயில் வந்தது வந்துவிட்டது.

"அங்க வௌவால் தூங்குது."

சொல்லியிருக்கக் கூடாது. வேறு யாராக இருந்தாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகிப் போயிருப்பார்கள். இதுகளிடம் வௌவால் என்பது, பூனையிடம் போய் 'உறியில் மீன் இருக்கிறது, தொடாதே' என்பது மாதிரி.

"நிஜமாவா? கத்தரியைக் கீழ போடுடா," என்று கிசுகிசுத்தாள் டாம்சின். "குளிர்காலத்துல அதை எழுப்பிவிட்டா சட்டப்படி குத்தம். எங்க இருக்குன்னு மட்டும் பார்த்துக்கலாம்."

கூட்டம் மொத்தமும் நுனிக்காலில் மூலைக்கு நகர்ந்தது. டாம்சின் கொடியை விரலால் விலக்கி டார்ச் அடித்தாள்.

"வௌவாலைக் காணோம். ஒரு கல்லு இருக்கு. என்னமோ எழுதியிருக்கு."

"பாசியைச் சுரண்டினாப் படிச்சிடலாம்," என்றான் ரோரி.

"கையை வெச்சே, உன்னைச் சுரண்டிடுவேன். அந்தக் கல்பாசி உன்னைவிட மூத்தது. டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடி."

சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ரோரி உரக்கப் படித்தான்.

"டோரீன் மேரி பாஸ்க். பிறப்பு, மார்ச் 2, 1948. இறப்பு..." அவன் குரல் இறங்கியது. "1952."



"மார்ச் ரெண்டு," என்றாள் டாம்சின், திரும்பாமலே. "போன வருஷம் இதே இடத்துலதான் உங்களுக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினோம், மிஸ் பாஸ்க்."

மிஸ் பாஸ்க் மூடுபனிக்கு நடுவே, வெளுத்த முகமும் சாம்பல் நிறக் கோட்டுமாக அசையாமல் நின்றாள். பேய் வேஷத்துக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

"பஸ்ஸுக்குப் போயிடலாம்," என்றான் ரோரி. "போன வாரம் அவங்க கை என்மேல பட்டுச்சு. ஐஸ் மாதிரி இருந்துச்சு."

"ஜனவரியில எல்லார் கையும் ஐஸ்தான்டா," என்றாள் டாம்சின். ஆனால் அவள் ஏற்கெனவே பாதி வழி போயிருந்தாள். ஒரு கையுறையைக்கூட விட்டுவிட்டுப் போகாத பிள்ளைகள், ரம்பம் கத்தரி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள்.

மினிபஸ் சத்தம் தேய்ந்து மறையும் வரை காத்திருந்துவிட்டு, மிஸ் பாஸ்க் சிரித்தாள். பேய் என்று பயந்தால் பயந்துகொள்ளட்டும். பேயைத் தேடிப் போலீஸ் வராது. என்றோ, வேறு ஊரில், புருஷனின் தேநீரில் எதையோ கலந்துவிட்டு ஓடிவந்தவளுக்கு அவசரமாக ஒரு பெயர் தேவைப்பட்டது. தன் வயதுக்குப் பொருத்தமாகப் பிறந்து, பெயரை உபயோகிக்காமலே போய்ச் சேர்ந்த குழந்தையை இந்தக் கல்லில்தான் கண்டுபிடித்தாள்.

"இனி ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்க, டோரீன்," என்று கல்லைத் தட்டிக் கொடுத்தாள்.

ஆளில்லாத தைரியத்தில், இத்தனை வருஷமாக வெளியே விடாத தன் சொந்தப் பெயரை ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தாள்.

எவ்வளவு தேடியும் நாக்கில் வந்தது ஒரே ஒரு பெயர்தான். அதற்கு உரியவள் கல்லுக்குக் கீழே கிடந்தாள்.