மேஜைக்கு அடியில் ஒரு டாக்டர்

மூச்சைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் பதுங்கியிருந்தான் எமில்பெக். கதவு திறந்தது. கனமான பூட்ஸ் கால்கள் இரண்டு நேராக அவனை நோக்கி வந்தன.

தும்மல் முட்டியது. மூக்கைக் கிள்ளிக்கொண்டான். இப்போது அகப்பட்டால் எல்லாம் போச்சு.

பூட்ஸ்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேலே டாக்டர் தெமிரின் குரல் கேட்டது. "சொல்லுங்க பெரியவரே, என்ன பண்ணுது?"

"தலை சுத்துது தம்பி. குதிரை மேல ஏறினா மலையே சுத்துது."

எமில்பெக் போலீசுக்குப் பயந்து ஒளிந்திருக்கவில்லை. பிஷ்கெக் நகரத்தின் அந்த ஆஸ்பத்திரியில் அவனும் டாக்டர்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே டாக்டரை மாற்றினால் நோயாளி கவனிப்பாரா என்பது அவனுடைய ஆராய்ச்சி. இதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. 'நோயாளி பார்ப்பது டாக்டரின் வெள்ளைக் கோட்டை, டாக்டர் பார்ப்பது மனிதரை' என்று முடிவுரையைக்கூட எழுதி வைத்துவிட்டான்.

துறைத் தலைவி சினாரா அக்காதான் நம்பவில்லை. "என் கண்ணு முன்னால ஒருத்தர் ஏமாறட்டும், அல்மாட்டி மாநாட்டுக்கு உன்னை அனுப்பறேன். இல்லேன்னா மேஜையை விட்டு வெளிய வந்து ஒழுங்கா வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு, இப்போது மூலையில் எதையோ எழுதுவதுபோல் உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டில் ஜன்னல் திரை மாறியதை மனைவி சொல்லித்தான் எமில்பெக் தெரிந்துகொண்டான். அதை அவன் பொருட்படுத்தவில்லை. அது வீடு, இது விஞ்ஞானம்.

டொக். தெமிரின் பேனா கீழே விழுந்தது. அதுதான் சைகை.

தெமிர் குனிந்தான், இவன் எழுந்தான். தொப்பையும் மீசையும் உள்ளே போக, ஒட்டடைக்குச்சி மாதிரி எமில்பெக் வெளியே வந்தான். முட்டி மட்டும் சடக்கென்று சத்தம் போட்டது.

எதிரே வெள்ளைத் தாடி, பழுப்பு ஆட்டுத்தோல் கோட்டு, கறுப்புக் கரை போட்ட கம்பளிக் குல்லா.

"எங்க விட்டேன்?" என்றார் பெரியவர்.

"மலை சுத்துதுன்னீங்க."

"ஆங், மலை." அவர் பாட்டுக்குத் தொடர்ந்தார். எமில்பெக்கின் மனம் அல்மாட்டி மேடையில் ஏறிக் கைதட்டு வாங்கத் தொடங்கியது.

"குல்லாவைக் குடுங்க, அந்தக் கொக்கியில மாட்டறேன்."

பெரியவர் குல்லாவைக் கழற்றித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். "குல்லாவை அடுத்தவன் கையில குடுக்கறதில்ல தம்பி. டாக்டருக்குப் படிச்சா இதெல்லாம் மறந்துடுமா?"

எமில்பெக் அசடு வழிந்தான். ரத்த அழுத்தம் பார்த்தான், எகிறியிருந்தது. "டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கணும் பெரியவரே. எதிர் அறைக்குப் போயிட்டு வாங்க."

"ஊசியா?" பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஆட்டை ஒத்தைக் கையால அமுக்கறவன் நான். ஆனா ஊசின்னா... சரி, கார்ல ஆள் காத்திருக்கு. சொல்லிட்டுப் போறேன்."

கதவு சாத்தியதும் தெமிரின் தலை எட்டிப் பார்த்தது. "கால் மரத்துப்போச்சுடா. அடுத்த ஆராய்ச்சியில நான் நோயாளியா வந்துடறேன்."

"இன்னும் ஒரே கேள்விதான். அடங்கு."

பூட்ஸ் சத்தம் கேட்டதும் தலை உள்ளே போனது. முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி பெரியவர் வந்தார். ஆட்டுத்தோல் கோட்டைத் தோளில் போட்டிருந்தார். நீலக் கரைக் குல்லாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வலிச்சுதா?"

"சேச்சே, எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு."

எமில்பெக் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பெரியவரே, இந்த அறையில ஏதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சுதா?"

பெரியவர் திருதிருவென்று விழித்தார். "வித்தியாசமா? ஒண்ணும் இல்லையே."

"ஆரம்பத்துலேர்ந்து உங்ககூடப் பேசிட்டிருக்கிறது நான்தானே?"

"நீங்கதான். வேற யாரு?"

எமில்பெக் மேஜையைத் தட்டினான். தெமிர் தலைமுடியெல்லாம் தூசியோடு எழுந்து நின்று வணக்கம் சொன்னான். பெரியவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"பயப்படாதீங்க. முதல்ல பேசினது இவரு. பாதியில ஆளை மாத்திட்டோம். இது ஒரு ஆராய்ச்சி."

"ஆளை மாத்தினா ஆராய்ச்சியா?" பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சினாரா அக்கா அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள். திறந்தவள் பெரியவரின் மடியைப் பார்த்தாள். "எமில், முன்னாடி அந்தக் குல்லாவுக்குக் கறுப்புக் கரைதானே இருந்துச்சு?"

எமில்பெக்குக்குச் சிரிப்பு வந்தது. "குல்லாவை எதுக்குக்கா பாக்கறீங்க, முகத்தைப் பாருங்க. ஒரு தடவை உக்காந்து பேசின நோயாளியை நான் மறக்கறதே இல்ல."

பெரியவரின் நெற்றியில் வியர்வை பொடித்தது. எழுந்து நின்று, குல்லாவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"கண்டுபிடிச்சுட்டீங்க, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. அண்ணனுக்கு ஊசின்னா உசுரு போயிடும் தம்பி, கார்ல போய் உக்காந்துட்டாரு. நீங்க மாத்தினா ஆராய்ச்சி, நாங்க மாத்தினா தப்பா? குல்லா என்னோடதுதான், ஒருத்தர் குல்லாவை ஒருத்தர் போடறதில்ல."

தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"கோட்டு மட்டும்தாங்க அண்ணனோடது."